மஞ்சள் இலைக்கு நான் சொன்ன மருந்து

மண் சோதிக்கிற தொழிலில் ஒரு ஆறுதல் உண்டு: மண் வாய் திறக்காது. அதைக் கொண்டு வருகிறவர்கள்தான் திறப்பார்கள்.

எண்பதுகளின் நடுவில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் தென்லண்டனில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தேன். பள்ளிக்கூட மைதானம், வீட்டுத் தோட்டம், கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கிற தோட்டத் துண்டுகள் என்று எல்லா மண்ணும் எங்களிடம் வரும். காயவைத்து, இடித்து, அமிலத்தில் கரைத்து மெஷினுக்குக் கொடுத்தால், பயிருக்குச் சத்து எவ்வளவு இருக்கிறது, ஈயமும் காட்மியமும் எவ்வளவு கிடக்கிறது என்று அது சொல்லும். லண்டனில் ஈயம் இல்லாத மண்ணைத் தேடுவது கொழும்பில் காகம் இல்லாத தெருவைத் தேடுவது மாதிரி. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

உங்களில் டொக்டர், சட்டத்தரணி, ரீவி திருத்துகிறவர் யாராவது இருந்தால் என் கஷ்டம் விளங்கும். எங்கள் சனத்துக்கு ஒருவன் ஒரு தொழில் தெரிந்தவன் என்று தெரிந்துவிட்டால், அவனுக்கு ஆபீஸ் நேரம் என்று ஒன்று கிடையாது. டொக்டரைக் கண்டால் நாக்கை நீட்டுவார்கள். என்னைக் கண்டால் சட்டைப் பையில் இருந்து ஒரு இலையை எடுப்பார்கள்.

வறுத்த மண்

மண் மாதிரி எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. தோட்டத்தில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, கலந்து, ஒரு பையில் போட்டுக் கட்டினால் போதும். இதைப் படத்தோடு அச்சடித்து வைத்திருந்தோம். வெள்ளைக்காரர்கள் அதை வாசித்து அப்படியே செய்வார்கள். எங்கள் ஆட்கள் அதைப் பத்திரமாக மடித்து வைத்துவிட்டுத் தங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்வார்கள்.

நோர்பரியில் இருந்து மன்னார்ப் பக்கத்து அக்கா ஒருவர் ஐஸ்கிரீம் டப்பா நிறைய மண் கொண்டு வந்தார். திறந்தால் மண் மாவு மாதிரி இருக்கிறது. மெல்லிய வாசம் வேறு. விசாரித்ததில் விஷயம் வெளியில் வந்தது. கல்லுப் பொறுக்கி, மா அரிக்கிற அரிதட்டில் இரண்டு தரம் அரித்து, கிருமி இருக்கக்கூடாது என்று தாச்சியில் போட்டு இளஞ்சூட்டில் வறுத்திருக்கிறார். டப்பாவோடு ஒரு பொட்டலம் பயத்தம்பணியாரமும் வந்திருந்தது. பணியாரத்தை வைத்துக்கொண்டு மண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். தோட்டத்தில் இருக்கிறபடியே அழுக்காகக் கொண்டுவர வேண்டும் என்று விளங்கப்படுத்தினேன். அவருக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை.

"சீ, இன்னொருத்தரின்ரை கையிலை குடுக்கிற சாமானை ஊத்தையாக் குடுக்கலாமோ?"

அன்னதான வரிசை

சிவபாதம் அண்ணையை நான் முதலில் சந்தித்தது ஆர்ச்வேக் கோயிலில், ஒரு வெள்ளிக்கிழமை, சோற்றுக்கு நிற்கிற வரிசையில். ஊரில் புகையிலையும் வெங்காயமும் பயிர் செய்த கமக்காரர். எண்பத்தாறில் இங்கே வந்து, அகதிக் கேஸ் முடியாமல், ஒரு பேக்கரியில் ஷிப்டில் நின்றார். மனைவி திலகம் அக்கா அவருக்குப் பின்னால் ஆறு வருஷம் கழித்து வந்து சேர்ந்தவர். ஸ்ட்ரெதமில் ஒரு அறை. அதற்குக் கொஞ்சத் தூரத்தில் ரெயில் பாதை ஓரமாகக் கவுன்சில் கொடுத்த தோட்டத் துண்டு ஒன்று. பேக்கரியில் அவர் சொன்னதைச் செய்கிறவர். அந்தத் துண்டில் நிற்கும்போதுதான் அவர் கமக்காரன்.

நான் எங்கே வேலை என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்று, சட்டைப் பையில் இருந்து ஒரு கடதாசியை எடுத்து விரித்தார். உள்ளே முளைக்கீரை இலை ஒன்று, நரம்பு பச்சையாக, இடையில் எல்லாம் மஞ்சளாக. கீரை எழும்பவில்லை, ஒரு விரல் உயரத்தில் நின்றுவிட்டது என்றார். இங்கே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இது குருத்திலையா, முதிர்ந்த இலையா? முதிர்ந்த இலை மஞ்சளானால் அது சாதாரணப் பசி. குருத்து மஞ்சளானால் மண்ணில் வேறு ஏதோ இருந்து செடியின் வாய்க்குச் சத்துப் போவதைத் தடுக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். முதலாம் வருஷப் பாடம் அது. ஆனால் சாம்பார் வாளி கிட்ட வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற நாலு பேர் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டும் நின்றார்கள். அமோனியம் சல்பேட் உரம் போடுங்கள், இரும்புச்சத்துத் தண்ணீர் வாங்கி இலைக்குத் தெளியுங்கள், பதினைந்து நாளுக்கு ஒருதரம் என்று ஒரு பேராசிரியர் மாதிரிச் சொல்லிவிட்டு இலைத் தட்டை நீட்டினேன். மண்ணைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லவில்லை.

அவர் கடதாசியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கண் கலங்கின மாதிரி இருந்தது.

"வந்த நாள் தொடக்கம் எல்லா இடத்திலையும் விண்ணப்பப் போம் நிரப்பிக் களைச்சுப்போனன், தம்பி. நீர் ஒருத்தர்தான் போம் கேக்காமல் மறுமொழி சொன்னனீர்."

கீரைக் கட்டு

ஆறு கிழமையில் அந்தத் துண்டு தென்லண்டன் முழுக்கப் பிரசித்தமாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். இடுப்பு உயரத்துக்குக் கீரை, கறுப்புப் பச்சையில், உள்ளங்கை அகல இலை. சிவபாதம் அண்ணை வரம்பில் நின்று அதை எனக்குக் காட்டிய விதத்தைப் பார்த்தால், நான் நட்டு அவர் பார்க்க வந்த மாதிரி இருந்தது. எல்லாம் தம்பியின் மருந்து என்று தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் ஒரு கட்டும் விற்கவில்லை. தோர்ண்டன் ஹீத் வரைக்கும் பஸ் ஏறிப்போய்த் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கும் கிழமைக்கு இரண்டு கட்டு வந்தது. ஒருநாள் திலகம் அக்காவே கொண்டு வந்தார். கொஞ்சம் களைத்திருந்தார். என் மனைவி பார்த்த பார்வையிலேயே விஷயத்தைப் பிடித்துவிட்டு, எத்தனை மாதம் என்று கேட்டாள். நாலு. கல்யாணம் முடித்துப் பன்னிரண்டு வருஷம். அதில் பாதி ஒருவர் ஒரு நாட்டில், மற்றவர் ஒரு நாட்டில் என்று ஓடிப்போனது. அவர் கதிரையில் இருந்து பால் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு சொன்னது எனக்கு இன்னும் காதுக்குள் கிடக்கிறது.

"இரத்தம் காணாது, கீரை சாப்பிடு எண்டு மிட்வைஃப் சொன்னவா. இவர் தோட்டத்திலை இருக்கேக்கை எனக்கு என்ன குறை, தம்பி? ரெண்டு நேரமும் கீரைதான், ஒரு நாளும் விடுறேல்லை."

கொழுத்த செடி

அடுத்த மாதம் கவுன்சில் அந்தத் தோட்டம் முழுவதற்கும் மண் சோதிக்கச் சொல்லி எழுதியது. பழைய வரைபடம் ஒன்று கையில் அகப்பட்டதாம். ரெயில் பாதை ஓரம் முன்னொரு காலத்தில் பழைய கார்ப் பற்றரிகளை உடைத்து ஈயம் எடுக்கிற முற்றமாக இருந்திருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் இருந்து மண்ணும் வந்தது, ஒரு பிடி பயிரும் வந்தது. பதினேழாம் இலக்கப் பையைத் திறக்கும்போதே அது சிவபாதம் அண்ணையின் கீரை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கறுப்புப் பச்சை வேறு யாரிடமும் இல்லை.

மெஷின் சொன்ன எண்ணைப் பார்த்துவிட்டு, கருவி பிழை என்று இன்னொருதரம் ஓட்டினேன். மூன்றாம்தரமும் ஓட்டினேன். பக்கத்துத் துண்டுகளில் மண் கிட்டத்தட்ட அதே மோசம்தான். ஆனால் அவர்களுடைய பயிர் சூம்பி, மஞ்சளாகி, பாதியில் நின்றுவிட்டது. ஒருவரும் அதை வாயில் வைக்கவில்லை. பதினேழாம் இலக்கம் மட்டும்தான் கொழுத்திருந்தது. இலைக்குள் காட்மியம் மற்ற எல்லோருடையதையும் விட அதிகம். ஈயமும் குறைவில்லை.

என் மேலதிகாரி டொக்டர் மார்கிரெட், ஒல்லியான மனுஷி, சத்தமாகக் கதைக்க மாட்டார். மண் அறிக்கையையும் இலை அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்கு விளங்கப்படுத்தினார். மண்ணில் அமோனியம் சல்பேட் போட்ட அடையாளம் தெரிகிறது, அந்தப் பசளை அமிலத்தைக் கூட்டி மண்ணைப் புளிக்க வைக்கும். மண் புளித்தால் அதில் ஒட்டிக்கொண்டு சும்மா கிடந்த காட்மியம் கழன்று வேருக்குப் போகும். அது ஒரு பக்கம். மற்றப் பக்கம், அதே பசளையில் இருக்கிற கந்தகத்தை வைத்துச் செடி அந்த நஞ்சைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி இலைக்குள் ஒரு மூலையில் அடுக்கி வைத்துவிடும். அதனால் செடிக்கு ஒன்றும் செய்யாது. இரும்புச்சத்தும் தெளித்துவிட்டால் மஞ்சளும் தெரியாது. சாப்பிடுகிறவருக்கோ பொட்டலம் முழுவதும் சேர்ந்து போகும். செடியைக் காப்பாற்றுகிற சாப்பாடு வேறு, செடியைச் சாப்பிடுகிறவரைக் காப்பாற்றுகிற சாப்பாடு வேறு என்றார். இந்தத் துண்டுக்குச் சுண்ணாம்பும் மக்கின எருவும்தான் போட்டிருக்க வேண்டுமாம். யார் இந்த மனுஷனுக்கு இப்படிப் பசளை போடச் சொன்னது என்று கேட்டார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் தாளைத் திருப்பிவிட்டு, மெல்ல ஒன்று சொன்னார்.

"கெட்ட மண்ணில் மெலிந்து நிற்கிற செடி உண்மை பேசுகிறது. கொழுத்து நிற்பதைத்தான் நான் நம்பமாட்டேன்."

வரம்பில்

கவுன்சில் கடிதம் போக ஒரு கிழமை ஆகும். ஒரு கிழமை என்றால் பதினாலு நேரக் கீரை. அன்றைக்கே அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். வழி முழுக்க எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன். கடைசியில் தொடங்கத் தெரியாமல், வேலிப் படலையில் நின்றபடியே, அண்ணை, இனிமேல் ஒரு இலையும் அக்காவுக்குக் கொடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். நான் ஈயம், பற்றரி, பொட்டலம் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கொட்டினேன். அவர் குனிந்து ஒரு இலையைக் கிள்ளி, வெயிலுக்குப் பிடித்து, நரம்பைப் பார்த்து, மணந்து பார்த்தார். புகையிலை பார்த்த கை. அந்தக் கைக்கு இலையில் ஒரு குற்றமும் அகப்படவில்லை.

"நஞ்சு பட்ட பயிர் வாடும், தம்பி. முப்பது வருஷம் மண்ணுக்கை நிண்டனான். இது வாடேல்லையே."

வீடு வீடாக

அடுத்த நாள் திலகம் அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி இரத்தம் எடுத்தார்கள். மறுமொழி வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளில் சிவபாதம் அண்ணை இரண்டு வேலை செய்தார். ஒன்று, பதினேழாம் இலக்கத்தில் நின்ற அவ்வளவு கீரையையும் வேரோடு பிடுங்கிக் கறுப்புப் பையில் கட்டினார். கவுன்சில்காரன் வந்து ஏற்றினான். நான் உதவிக்கு நின்றேன். அவர் பிடுங்கும்போது ஒவ்வொரு செடியிலும் மண்ணை உதறிவிட்டுத்தான் பையில் போட்டார். பழக்கம்.

இரண்டாவது, கீரை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போனார். ரெலிபோனில் சொல்லலாமே என்றேன். கையால் கொடுத்ததைக் காதால் திருப்பி வாங்கேலாது என்றுவிட்டார். நானும் கூடப் போனேன். யாராவது அடிக்க வந்தால் என்னைக் காட்டிவிடட்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஒருவரும் அடிக்க வரவில்லை. எல்லா வீட்டிலும் இருக்கச் சொல்லித் தேத்தண்ணீர் தந்தார்கள். அவர் ஒவ்வொரு வீட்டிலும் எழும்பி நின்று, நான் தந்த கீரையில் பிழை இருந்தது, சின்னப்பிள்ளைகள் சாப்பிட்டிருந்தால் டொக்டரிட்டைக் காட்டுங்கோ என்று ஒரே மாதிரிச் சொன்னார். யார் பசளை போடச் சொன்னது என்று ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. நான் வாய் திறக்கப் போனபோதெல்லாம், நேரமாச்சு என்று எழும்பிவிட்டார். தோர்ண்டன் ஹீத்தில் கடை வைத்திருந்த ஒரு அம்மா முழுக்கதையையும் கவனமாகக் கேட்டுவிட்டு அவரைத் தேற்றினார்.

"அதுக்கேன் இவ்வளவு யோசிக்கிறியள்? நாங்கள் மூண்டு தண்ணியிலை கழுவித்தானே சமைச்சனாங்கள்."

மறுமொழி

பத்தாம் நாள் பின்னேரம் ஸ்ட்ரெதம் அறைக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் இருந்து அவர்கள் முதலே வந்துவிட்டார்கள். இரத்தத்தில் ஈயமும் காட்மியமும் இருக்கிறது, வழக்கமான அளவை விடக் கொஞ்சம் கூட, பயப்படுகிற அளவுக்கு இல்லை என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். நேரத்துக்கு நிறுத்தினது நல்லது. பால் குடிக்க வேண்டும், இரும்புக் குளிசை விடாமல் போடவேண்டும். சத்துக் குறைந்த உடம்புதான் கிடைத்ததையெல்லாம் உள்ளே இழுக்கும். பசித்த வேரும் அதைத்தான் செய்கிறது. திலகம் அக்கா கதிரையைத் தள்ளித் தந்தார். அதில் இருந்துகொண்டு அழுதேன். அவர்கள் இரண்டு பேரும் அழவில்லை. மாசியில் மகள் பிறந்தாள், மூன்று கிலோவுக்கு மேல், நல்ல சத்தம். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

அன்றைக்குத்தான் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கோயிலில் அந்த இலையை நான் சரியாகப் பார்க்கவில்லை, குருத்தா என்று கேட்கவில்லை, மண்ணைப் பார்க்காமல் பசளை சொன்னேன், சொன்னபடியால்தான் கீரை கொழுத்தது, கொழுத்தபடியால்தான் அக்கா சாப்பிட்டார். இவ்வளவையும் ஒரே மூச்சில். திலகம் அக்கா அடுப்பைப் பார்க்க எழும்பிப் போனார். சிவபாதம் அண்ணை பதினெட்டாம் துண்டில் தோட்டம் செய்கிற வெள்ளைக்காரக் கிழவரைப் பற்றிச் சொன்னார். அவருக்கும் அந்த வருஷம் போஞ்சி மஞ்சளாகத்தான் வந்ததாம். கிழவருக்கு மண் சாத்திரம் ஒன்றும் தெரியாது, கேட்க ஆளும் கிடையாது. இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பிடுங்கிக் குப்பைக் கும்பியில் போட்டுவிட்டு, கடையில் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். சிவபாதம் அண்ணை கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அந்தக் கிழவன் மஞ்சளைக் கண்டு பிடுங்கி எறிஞ்சுது, தம்பி. நான் உம்மைக் கண்டு பசளை போட்டன்."

எங்கள் ஆய்வுகூடத்து அறிக்கைத் தாளில் மண்ணின் பிழைகளை எழுதப் பதினாலு கட்டங்கள் இருந்தன. சோதிக்கிறவனின் பிழையை எழுத ஒன்றுகூட இருக்கவில்லை.